கோத்தகிரியில் ஒரு அத்லெடிக் டிரெய்னிங் தேர்வு வகுப்பு: பகல் பயிற்சி பிரமாதம், இரவுப் பயிற்சி சுமார்

அமெரிக்காவில் அத்லெடிக் டிரெய்னிங் முதுநிலைப் படிப்பு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கோத்தகிரியில் தங்கிப் படிக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது என்று சொன்னால், நீலகிரியில் இருப்பவர்களே நம்ப மாட்டார்கள். அரவேணு சாலையை விட்டுச் சற்று இறங்கினால், தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு பழைய பங்களாவில், டிசம்பர் விடுமுறையிலும் மே மாத விடுமுறையிலும் இந்த வகுப்பை நடத்துகிறார்கள். நடத்துபவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பல வருடம் அத்லெடிக் டிரெய்னராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெண்மணி. பிள்ளைகள் அவரை மேடம் என்கிறார்கள், வெளி வேலைகளைக் கவனிக்கும் அவருடைய கணவர் எல்லோருக்கும் அண்ணா. நான் குன்னூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என் அண்ணன் மகள் கடைசிப் பருவத்துக்கு முந்தைய விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவளைச் சேர்த்துவிட்டு, செய்முறை வகுப்புகளுக்கு மட்டும் நானும் கட்டணம் கட்டி உட்கார்ந்தேன். தேர்வு எழுதப்போகிறவர் ஒருவர், எழுதாதவர் ஒருவர் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அத்லெடிக் டிரெய்னர் என்பவர் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கச் சொல்லித் தருபவர் அல்லர். விளையாட்டு வீரரின் காயத்தைத் தடுப்பது, மைதானத்திலேயே முதலில் பார்ப்பது, அவசர நிலையைக் கையாள்வது, பிறகு மீண்டும் விளையாடும் நிலைக்குக் கொண்டுவருவது என எல்லாவற்றுக்கும் பொறுப்பான சுகாதாரப் பணியாளர். அமெரிக்காவில் இப்பணிக்கான சான்றிதழை 1989 முதல் பி.ஓ.சி. என்ற தேர்வு வாரியம் வழங்குகிறது. பொதுவாக, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவர்கள்தான் அந்தத் தேர்வை எழுத முடியும். படிப்பும் இப்போது முதுநிலைக்கு மாறிவிட்டது, 2022-க்குப் பிறகு இளநிலையில் புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டம் முடித்த ஒருவர் இந்த வகுப்புக்கு வந்தால் நேராகத் தேர்வு எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை. இந்த வகுப்பை நடத்துபவர்கள் அப்படிச் சொல்வதில்லை என்பதை முதல் நல்ல குறியாக நான் எடுத்துக்கொண்டேன். கடைசி நாளில் கொடுக்கும் சான்றிதழையும், "இதைச் சுவரில் மாட்டலாம், வேறு எதற்கும் உதவாது" என்று மேடமே சிரித்துக்கொண்டு சொல்லித்தான் கொடுத்தார்.

தேர்வு 4 மணி நேரம், 175 கேள்விகள், கணினியில் எழுத வேண்டும். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. அவற்றில் சில கேள்விகள் மதிப்பெண்ணில் சேராத சோதனைக் கேள்விகள். எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண் 500. அது எண்ணிக்கையில் எத்தனை சரி என்பதல்ல, கேள்வித்தாளின் கடினத்தைக் கணக்கில் கொண்டு மாற்றி அமைத்த அளவு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, பொருந்துவன எல்லாவற்றையும் குறிக்கச் சொல்பவை, வரிசைப்படுத்தச் சொல்பவை, படத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்பவை, ஒரே சம்பவத்தைச் சொல்லி அதன்மேல் அடுக்காகக் கேட்பவை எனப் பலவகை உண்டு.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இங்கேதான் இருக்கிறது. நம் பள்ளி, கல்லூரித் தேர்வுகளில் தெரிந்ததையெல்லாம் எழுதினால் மதிப்பெண் வரும். குறிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்றுதான் திருத்துபவர் பார்ப்பார். இந்தத் தேர்விலோ கொடுத்திருக்கும் நான்கு விடைகளும் பல நேரங்களில் சரியான செயல்களாகவே இருக்கின்றன. அந்த நிமிடத்தில் முதலில் செய்ய வேண்டியது எது என்பதுதான் கேள்வி. ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதும் சரி, கழுத்தை அசையாமல் பிடிப்பதும் சரி, மூச்சைப் பார்ப்பதும் சரி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை எடுத்துவரச் சொல்வதும் சரி. நன்றாகப் படித்த பிள்ளைதான் இங்கே அதிகம் குழம்புகிறது, ஏனென்றால் நான்கையும் ஆதரித்துப் பேச அதற்குக் காரணம் தெரியும். கோத்தகிரி வகுப்பின் பகல் பகுதி முழுவதும் இந்த ஒரு குறையைக் குறிவைத்தே அமைக்கப்பட்டிருக்கிறது. பாடம் நடத்துவதில்லை. புல்தரையில் ஒரு பையன் விழுகிறான், மேடம் சம்பவ அட்டையைப் படிக்கிறார், கடிகாரத்தை அழுத்துகிறார், "முதல்ல என்ன?" என்கிறார். பதில் சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும்.

விழுவதற்கென்று பக்கத்து ஊர்க் கால்பந்துப் பையன்களை வரவழைத்திருந்தார்கள். அவர்கள் நடிப்பில் தேர்ந்தவர்கள். பந்தை யாரும் தொடாதபோது ஓடிவந்த ஒருவன் சட்டென்று சரிந்து, கை கால்கள் லேசாக வெட்டி இழுக்க, வாயால் இரண்டு தடவை இரைத்துவிட்டு அடங்கினான். வலிப்பு என்று சொல்லி ஒரு மாணவர் அவனைப் பக்கவாட்டில் திருப்பப் போனார். மேடம் கடிகாரத்தை நிறுத்தவில்லை. விளையாடிக்கொண்டிருந்தவர் எதிலும் மோதாமல் விழுந்து அசைவற்றுப் போனால், வேறு என்று உறுதியாகும்வரை அது இதய நிறுத்தம்தான். ஆரம்பத்தில் வரும் வெட்டி இழுப்பையும் அந்த மூச்சிரைப்பையும் பார்த்து வலிப்பென்றும் மூச்சு இருக்கிறதென்றும் நினைப்பவர் விலைமதிப்பற்ற நிமிடங்களை இழக்கிறார் என்பதை, அந்த மாணவர் பொம்மையின் மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போதே சொல்லிக்கொடுத்தார். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் டமார் ஹாம்லின் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் மைதானத்தில் சரிந்தபோது, உடனே மார்பு அழுத்தத்தைத் தொடங்கியவர்கள் அணியின் மருத்துவப் பணியாளர்கள். அந்த நிகழ்வுக்குப் பிறகு அத்லெடிக் டிரெய்னர் என்றால் யார் என்று அமெரிக்கப் பொதுமக்களே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்தக் காணொளியை வகுப்பில் போடவில்லை. போடாமல் விட்டது நல்லது என்றே நினைக்கிறேன்.

வெப்பத்தாக்கு பற்றிய அரை நாள்தான் இந்த வகுப்பின் உச்சம். டிசம்பரில் கோத்தகிரியில், காலை பத்து மணிக்கும் ஸ்வெட்டரைக் கழற்றாத பிள்ளைகளுக்கு வெப்பத்தாக்கைச் சொல்லித் தருவது வேடிக்கையாகத் தோன்றலாம். மலையில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகள் புத்தகத்தில்தான் அதைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அமெரிக்காவில் கோடைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் இறந்திருக்கிறார்கள். 2001-இல் கோரி ஸ்ட்ரிங்கர் என்ற தொழில்முறை வீரர் அப்படித்தான் இறந்தார். அதனால் தேர்விலும் இந்தப் பகுதிக்குத் தப்ப முடியாது. உடலின் உள்வெப்பம் 40.5 டிகிரி செல்சியஸை, அதாவது 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, கூடவே புத்தி தடுமாற்றமும் இருந்தால் அது வெப்பத்தாக்கு. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் மருத்துவமனைக்கு ஏற்ற வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து நின்றாலும் குளிர்நீர்த் தொட்டியிலிருந்து தூக்கக் கூடாது. 38.9 டிகிரிக்கு இறங்கியதும் எடுத்துவிட வேண்டும், அதற்கும் கீழே போகவிடக் கூடாது.

இதைப் படிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். செய்வதற்கு, இவர்கள் தேயிலை மூட்டைகளை மூடும் நீலத் தார்ப்பாயை விரித்தார்கள். எட்டுப் பேர் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி நடுவைப் பள்ளமாக்க, மணல் அடைத்த ஆளுயரப் பொம்மையை அதில் கிடத்தி, குடம் குடமாகத் தண்ணீரும், மார்க்கெட் மீன் கடையிலிருந்து வாங்கிவந்த ஐஸும் கொட்டி, தொட்டில் ஆட்டுவதுபோல் இரு பக்கமும் மாறி மாறி ஆட்டினார்கள். தொட்டி இல்லாத இடத்தில் பயன்படும் முறை இது. தேர்விலும் அங்கீகரிக்கப்பட்ட முறைதான். ஐஸில் மீன் வாசனை அடித்தது. மூன்றாவது நிமிடத்திலேயே எட்டுப் பேருக்கும் தோள்பட்டை ஓய்ந்துவிட்டது, இருவர் பிடியை விட, தண்ணீர் பாதி கொட்டிப் போயிற்று. ஆள் மாற்றிக்கொள்ள எட்டுப் பேருக்கு மேல் வேண்டும், யார் தலைப்பக்கம் நின்று வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பார்ப்பது என்பதை முன்பே பேசி வைக்க வேண்டும் என்பது எந்தப் புத்தகத்தையும் விட அந்தக் கொட்டிய தண்ணீரில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு சம்பவத்தைக் கொடுத்து "இந்தத் திட்டத்தில் என்ன குறை" என்று கேட்கும் அடுக்குக் கேள்விகளுக்கு இப்படிப் பழகியவர்களால் யோசிக்காமல் பதில் சொல்ல முடியும்.

உள்வெப்பத்தை அளப்பது என்றால் மலக்குடல் வழியாகத்தான் அளக்க வேண்டும். காதிலோ வாயிலோ நெற்றியிலோ வைக்கும் கருவிகள் உடற்பயிற்சிக்குப் பிறகு நம்பத்தக்கவை அல்ல. நம் ஊரில் இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும், பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். மேடம் அந்தச் சிரிப்பைக் கண்டிக்கவுமில்லை, கூடச் சிரிக்கவுமில்லை. பொம்மையை வைத்து, போர்வையை எப்படிப் பிடித்து மறைக்க வேண்டும், சுற்றி நிற்பவர்களை எந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்ல வேண்டும், வளையும் அளவுக்குழாயை ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உள்ளே செலுத்தி, குளிர்விக்கும் நேரம் முழுவதும் அதை எடுக்காமல் எப்படி வைத்திருக்க வேண்டும் என்று காட்டினார். வீரர்கள் நல்ல நினைவோடு இருக்கும் பருவத் தொடக்கத்திலேயே இதைப் பற்றிப் பேசி அவர்களிடம் சம்மதம் வாங்கி வைப்பதும் அத்லெடிக் டிரெய்னரின் வேலை என்றார். பிசியோவாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, கட்டிய கட்டணம் இந்த ஒரு மணி நேரத்திலேயே ஈடாகிவிட்டது.

நீலகிரிக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று அரிவாள் அணு இரத்தக்கூறு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவத்துக்கு வளையச் செய்யக்கூடிய, பரம்பரையாக வரும் சிக்கிள் செல் டிரெய்ட். இந்தியாவில் அந்தக் கூறு முதன்முதலாகப் பதிவானது இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். பழங்குடியினர் நல மருத்துவர்கள் இதைப் பற்றிப் பேசிக் கேட்டிருப்போம். 2023-இல் மத்திய அரசும் இதற்கெனத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. ஆனால் விளையாட்டு மைதானத்தோடு இதைச் சேர்த்து நம் உடற்கல்வி ஆசிரியர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் முதல் பிரிவு வீரர்களுக்கு 2010 முதல் இந்தக் கூறு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை நடைமுறையில் இருக்கிறது. நோய் இல்லாமல் கூறு மட்டும் உள்ளவர்கூட, இடைவெளியின்றிக் கடுமையாக ஓடும்போது சரிந்துவிழலாம். வெப்பமும், நீர் வறட்சியும், உயரமான இடமும் ஆபத்தைக் கூட்டும். தசைப்பிடிப்பு வந்தவர் வலியில் கத்துவார், தசை கல்லாக இறுகியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தக் கூறு உள்ளவரோ வலியைவிடப் பலவீனத்தால் அப்படியே சரிவார், பேசுவார், தொட்டுப் பார்த்தால் தசை சாதாரணமாகவே இருக்கும். பயிற்சி தொடங்கிச் சில நிமிடங்களிலேயே நடப்பதால் வெப்பத்தாக்கு என்றும் தோன்றாது, சோம்பல் என்று பயிற்சியாளர் திட்டுவதும் உண்டு. இந்த வித்தியாசத்தை ஒரே மாதிரியான இரண்டு சம்பவ அட்டைகளாக எழுதி, இரண்டு பையன்களை அடுத்தடுத்து விழச் சொல்லிக் காட்டினார்கள். இந்த மலையில் நடக்கும் வகுப்பு இதைப் பாடத்திட்டத்தின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

மூட்டுப் பரிசோதனை வகுப்பும் குறைவில்லை. முழங்காலின் முன்புறத் தசைநார் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்மன் பரிசோதனையில் முழங்காலை 20 முதல் 30 டிகிரி மடக்கி, ஒரு கையால் தொடையையும் மறு கையால் கணைக்காலையும் பிடித்து இழுக்க வேண்டும். என் அண்ணன் மகளுக்குச் சிறிய கை. பையனுடைய தொடையில் பாதிகூட அவள் பிடிக்குள் வரவில்லை, இழுக்கும்போது தொடையும் சேர்ந்து வந்தது. மேடம் அவளை மேசையில் ஒரு முழங்காலை ஊன்றச் சொல்லி, பையனின் தொடையை அதன்மேல் கிடத்தி, மேலிருந்து கையால் அழுத்தச் சொன்னார். தொடை அசையாமல் நின்றது. "இதை ஏன் அத்தை அங்க யாரும் சொல்லித் தரல?" என்று அவள் இரவு சாப்பிடும்போது கேட்டாள். அங்கே கற்பித்தவர்கள் எல்லோரும் ஆறடி ஆட்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. கணுக்காலுக்கு எக்ஸ்ரே வேண்டுமா என்று தீர்மானிக்கும் ஒட்டாவா விதிகளை, எலும்பின் பின்விளிம்பில் 6 சென்டிமீட்டரை ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொருவர் காலிலும் குறித்து, தொட்டுத் தொட்டுப் பழக்கினார்கள். நான்கு காலடி எடுத்து வைத்து நடக்க முடிகிறதா என்பதையும் சேர்த்துத்தான் அந்த விதி. நொண்டி நடந்தாலும் நடைதான் என்பதில் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது, அது அங்கேயே தீர்ந்தது.

ஒரு நாள் ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்கு அழைத்துச் சென்றார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் ஓடும்போது மூச்சு எப்படி மாறுகிறது என்பதை நேரில் பார்ப்பது நோக்கம். இடி இடித்தால் மைதானத்தைக் காலி செய்வது, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பது, நடுவில் மீண்டும் இடித்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்குவது என்பதையும் அங்கேதான் சொன்னார்கள். பயனுள்ள நாள் என்பதைவிட இனிமையான நாள் என்று சொல்லலாம்.

இனி இரவுப் பகுதி. ஏழு நாள் முழு வகுப்பில் சேர்ந்தால் தினமும் மாலை ஆறிலிருந்து கணினியில் மாதிரித் தேர்வு. இதற்காக வெளியிலிருந்து ஒரு கேள்வி வங்கியை வாங்கி வைத்திருக்கிறார்கள். கேள்விகளில் பெரும்பகுதி தரமானவை என்றாலும், விடைக்கு விளக்கம் இல்லாதவை மிகுதி. ஏன் 'இ' சரி, ஏன் 'ஆ' தவறு என்பதை அறியாமல் ஆயிரம் கேள்வி போட்டாலும் இந்தத் தேர்வுக்குப் பயனில்லை. தேர்வு வாரியம் பாடப்பகுதிகளின் பெயரையும் எல்லையையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியமைக்கிறது; இந்த வங்கி இன்னும் பழைய பிரிப்பிலேயே மதிப்பெண்ணைக் காட்டுகிறது. ஒரு கேள்வியில், மயங்கி விழுந்த ஓட்டக்காரருக்குக் காதில் வைக்கும் வெப்பமானி போதும் என்று விடை கொடுத்திருந்தது. காலையில் மேடம் அதற்கு நேர்மாறாகச் செய்து காட்டியிருந்தார். மாணவர்கள் கேட்டபோது, அந்த விடை தவறு என்று உடனே ஒப்புக்கொண்டு பலகையில் எழுதிப் போட்டார். ஆனால் கேள்வி மறுநாளும் அதே விடையோடு அப்படியே இருந்தது.

இணையத் தொடர்பைச் சொல்லவே வேண்டாம். மாலையில் மூடுபனி இறங்கி மின்சாரம் ஒருமுறை போய்வந்தால் ரூட்டர் எழுந்திருக்கப் பத்து நிமிடம் ஆகிறது, அதற்குள் நேரம் கணக்கிடும் மாதிரித் தேர்வு தானாகவே முடிந்துவிடுகிறது. 4 மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து பழகுவதுதான் முழு மாதிரித் தேர்வின் பயன். அது ஒரு தடவைகூடத் தடையில்லாமல் நடக்கவில்லை. கேள்விகளைக் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொண்டு நடத்தினால் தீரக்கூடிய சிக்கல் இது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் நிர்வாகம், சட்டம், தொழில் நெறி பற்றிய பகுதியை ஒரே மாலையில் திரையில் காட்டிப் படித்து முடித்ததில்தான். நம் பிள்ளைகள் மிகவும் பலவீனமாக இருக்கும் பகுதி இது. நம் ஊரில் ஒரு பையனுக்குக் கால் சுளுக்கினால் பி.டி. சாருக்கும், தலைமையாசிரியருக்கும், வீட்டுக்கும், பக்கத்து வீட்டுக்கும் அன்று மாலைக்குள் சேதி போய்விடும், அதில் யாருக்கும் தப்புத் தோன்றாது. அமெரிக்காவிலோ 18 வயது நிறைந்த மாணவரின் மருத்துவ விவரத்தை அவர் சம்மதமின்றி அம்மாவிடம் சொல்லலாமா, பயிற்சியாளரிடம் எந்த அளவு சொல்லலாம், பத்திரிகைக்காரர் கேட்டால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. மருத்துவ விவரங்களைக் காக்கும் ஹிப்பா, மாணவர்களின் கல்விப் பதிவுகளைக் காக்கும் ஃபெர்பா என்ற இரண்டு சட்டங்களின் எல்லை எங்கே பிரிகிறது என்பது தேர்வில் வரக்கூடிய நுட்பமான விஷயம். பயிற்சியாளர் "இன்னைக்கு மட்டும் ஆடட்டும்" என்று வற்புறுத்தும்போது, தலையில் அடிபட்ட வீரரை அதே நாளில் திரும்ப அனுப்பக் கூடாது என்று நிற்பதும் இந்தப் பகுதியோடு சேர்ந்ததுதான். புல்தரையில் பையன்களை விழவைத்துக் கற்பிக்கத் தெரிந்தவர்கள், ஒருவரை அம்மாவாகவும் ஒருவரைக் கோச்சாகவும் நடிக்கவைத்து இதையும் நடத்தியிருக்கலாம். அப்படி நடத்தியிருந்தால் நான் இந்த வகுப்பை யோசிக்காமல் சிபாரிசு செய்திருப்பேன்.

தங்குமிடம் சுத்தம், வெந்நீர் உண்டு, அறைக்கு இருவர். சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. அவரைக்குழம்பு வைத்த நாளில் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள், மாலைத் தேநீரோடு வர்க்கி. இருட்டிய பிறகு தோட்டத்தில் காட்டெருமை நடமாட்டம் உண்டு என்பதால் வெளியே நடக்கப் போகவிட மாட்டார்கள். வந்திருந்த சென்னைப் பிள்ளைகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு ஒருநாள் வாசல்வரை போய், ஒன்றை நேரில் பார்த்ததும் திரும்பி ஓடிவந்தார்கள். வகுப்பில் தேர்வு எழுதுபவர்களும், கோயம்புத்தூரிலிருந்து செய்முறைக்கு மட்டும் வந்த பிசியோக்களும் கலந்து இருபது பேருக்கு மேல் இருந்தது கொஞ்சம் அதிகம். கேள்வி கேட்பதில் நாங்கள், அதாவது எழுதாதவர்கள், எழுதுபவர்களின் நேரத்தைச் சாப்பிட்டோம் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

நாங்கள் சேர்ந்த பருவத்தில் ஏழு நாளுக்கு 24,000 ரூபாய், நான்கு நாள் செய்முறை மட்டும் 15,000 ரூபாய், இரண்டிலும் தங்குமிடமும் சாப்பாடும் அடக்கம். பாடத்தை ஒருமுறை முழுதாகப் படித்து முடித்த மாணவர் நான்கு நாள் வகுப்பில் சேர்ந்தால் போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தில், தேர்வு வாரியமே தன் தளத்தில் விற்கும் பயிற்சித் தேர்வுகளை வாங்கி, நல்ல இணையம் உள்ள இடத்தில் உட்கார்ந்து எழுதலாம். கேள்வியின் நடை எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நம்பகமான மாதிரி கிடையாது. பாடமே இன்னும் கைவசமாகாதவர், ஏழு நாளில் எல்லாவற்றையும் ஊட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து வரவேண்டாம், இது அந்த மாதிரி வகுப்பு அல்ல. நம் ஊரிலேயே பள்ளி அணிகளோடு வேலை செய்யும் பிசியோக்களும் உடற்கல்வி ஆசிரியர்களும், தேர்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும், அந்த நான்கு நாளுக்குத் தாராளமாக வரலாம்.

டிசம்பர் வகுப்புக்கு வருபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களை அண்ணாவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மழையில் மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டு வகுப்பு தள்ளிப்போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதற்கு அவர்களிடம் தெளிவான விதி இல்லை, "பார்த்துக்கலாம்" என்பதே பதில். கேள்வி வங்கியைப் புதிய பாடப்பிரிப்புக்கு மாற்றிவிட்டார்களா என்பது இரண்டாவது. மாற்றியிருந்தால் ஏழு நாள் வகுப்பைப் பற்றி நான் மேலே சொன்னதில் பாதியை நீங்கள் கழித்துவிடலாம். வெளியூர்க் காரில் வருபவர்கள் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பஸ்ஸில் வந்தால் அது வேண்டியதில்லை, அரவேணுவில் இறங்கிப் போன் செய்தால் அண்ணாவே ஜீப் கொண்டுவந்து அழைத்துப் போகிறார்.